எண்ணெய்ப் பனையில் ஆண் பாளையாகவே வருகிறது, டானிக் அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, அல்சூர் மார்க்கெட் பக்கம் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொள்ளேகால் அருகே அப்பா வழி நிலம் 6 ஏக்கர். 2019 ஆனியில் பாமாயில் கன்று 342 வைத்தோம். மூன்றரை வருடத்திலிருந்து குலை வெட்டுகிறோம். போன வருடம் வரை குறை சொல்ல முடியாது. இப்போது ஏழெட்டு மாதமாகப் பத்து மரத்தில் எட்டு மரம் ஆண் பாளைதான் தள்ளுகிறது. அந்தப் பாளையில் சின்னக் கறுப்பு வண்டு ஆயிரக்கணக்கில் மொய்க்கிறது. உரக்கடைக்காரர் வண்டுக்கு ஒரு மருந்தும், ஆண் பாளையைப் பெண் பாளையாக மாற்ற ஒரு டானிக்கும் கொடுத்திருக்கிறார். டானிக் லிட்டர் 1,450 ரூபாய். அடிக்கலாமா? பழத்தை நாமே செக்கில் ஆட்டி, சிவப்பு எண்ணெயாகப் பெங்களூரில் விற்க முடியுமா? தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நல்லவர், கீழ் மட்டையெல்லாம் கழித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார். 2024 கோடையில் மட்டும் போர் வற்றி இரண்டரை மாதம் தண்ணீர் விட முடியவில்லை. இப்போது தண்ணீர் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிகிறது.

பதில்: தம்பி, முதலில் அந்த வண்டு மருந்தை அடிக்காதீர்கள். பாதி அடித்திருந்தால் மீதியை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த வண்டு பூச்சித் தொல்லை இல்லை. உங்கள் தோட்டத்தில் கூலி வாங்காமல் வேலை செய்யும் ஆள் அதுதான். அடுத்த ஞாயிறு போகும்போது ஒரு வெள்ளைத் துண்டு எடுத்துப் போங்கள். மலர்ந்திருக்கும் ஆண் பாளை பக்கத்தில் போய் மூச்சை இழுத்தால் சோம்பு வாசனை வரும். பாளைக்கு அடியில் துண்டை விரித்து, விரலால் நாலு தட்டு தட்டுங்கள். எள் அளவில் கரும்பழுப்பு வண்டு உதிரும், கூடவே மஞ்சளாக மகரந்தமும் உதிரும். அந்தத் தூளை உடம்பில் அப்பிக்கொண்டுதான் அது பெண் பாளைக்குப் பறக்கிறது. முட்டை இடுவதும் குஞ்சு வளர்வதும் ஆண் பாளையின் கதிரில்.

எலைடோபியஸ் கமருனிக்கஸ் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுப் பூச்சி. ஆசியாவில் எண்ணெய்ப் பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். பூச்சியியலாளர் சையத் ஆப்பிரிக்காவில் உட்கார்ந்து பார்த்து, வேலை செய்வது இந்த வண்டுதான் என்று காட்டினார். 1981-இல் மலேசியாவில் கொண்டுவந்து விட்டார்கள், 1985-இல் கேரளத்துக்கு வந்தது. அது வருவதற்கு முன் நம் பக்கத்துக் குலைகளில் பாதிப் பழம் பிஞ்சிலேயே சொத்தையாக நிற்கும். அப்படி வந்த வண்டைக் கொல்ல ஒருவர் காசு வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கிறார் என்றால், அவர் எண்ணெய்ப் பனை மரத்தின் கீழே ஒரு நாள்கூட நின்றதில்லை என்று அர்த்தம். டானிக்கையும் அதே வாய்தான் சொல்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று நீங்களே பாருங்கள்.

இனி ஆண் பாளை. இந்த மரத்தில் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. ஒரே மரம் சில காலம் பெண் பாளை தள்ளும், சில காலம் ஆண் பாளை தள்ளும். ஒரு பாளை ஆணா பெண்ணா என்பது, அது கண்ணுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே, குருத்துக்குள் விரல்நுனி அளவுகூட இல்லாதபோதே முடிவாகிவிடுகிறது. குலையைக் கட்டிச் சுமக்கத் தெம்பு இல்லை என்று மரத்துக்குப் பட்டால் ஆண் பாளையாக்கிவிடும். ஆண் பாளைக்குச் செலவு குறைவு. பெண் பாளை மலர்ந்து குலை பழுக்க மேற்கொண்டு ஐந்தரை, ஆறு மாதம் மரம் சாப்பாடு போட வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 2024 கோடையில் இரண்டரை மாதம் தண்ணீர் இல்லை என்று, அந்த வரிக்கு வாருங்கள். 2023-இல் கர்நாடகத்தில் 223 தாலுகாக்களை வறட்சி தாலுகா என்று அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில் பெங்களூரில் போர் வற்றி, குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வந்தது. உங்கள் கடைக்கும் டேங்கர் வாங்கியிருப்பீர்கள். நீங்கள் அல்சூரில் டேங்கருக்குக் காத்திருந்த அதே வாரங்களில் கொள்ளேகாலில் உங்கள் மரங்கள் குருத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டன. அந்தக் கணக்குதான் இப்போது வெளியே தெரிகிறது. அந்த முடிவை எந்த டானிக்கும் மாற்றாது. வெளியே வந்துவிட்ட ஆண் பாளையைப் பெண் பாளையாக்கும் மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது.

அப்படியென்றால் காத்திருந்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். வறட்சியால் வந்தது மட்டும் என்றால் சரியாகும். ஆனால் உங்களுக்கு வேறு இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

ஒன்று, தண்ணீர். “இப்போது தண்ணீர் இருக்கிறது” என்பது பதில் ஆகாது. காய்ப்பில் இருக்கும் மரத்துக்குக் கோடையில் நாளைக்கு 200 லிட்டராவது வேண்டும். காய்ந்த காற்று அடிக்கும் நாளில் அதற்கு மேலும் கேட்கும். 342 மரத்துக்கு 68,400 லிட்டர். பெங்களூர் கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் டேங்கர் தினமும் ஆறு வந்து நிற்க வேண்டும். மும்முனை மின்சாரம் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் போர்த் தண்ணீர் 200 லிட்டர் டிரம்மை ஒன்றேகால் நிமிடத்தில் நிரப்பியாக வேண்டும். ஒரு டிரம்மும் கைபேசிக் கடிகாரமும் போதும், இந்த வாரமே அளந்து பாருங்கள். மறுபடி ஏப்ரல் கடைசியில் அளந்து பாருங்கள். அந்த ஏப்ரல் கணக்குதான் உங்கள் உண்மையான கணக்கு.

இரண்டு நிமிடம் எடுக்கிறது என்றால் 200 மரத்துக்கு மேல் உங்களால் தாங்க முடியாது. அப்போது பண்ணைக்குட்டை வெட்டி மழை நீரைப் பிடியுங்கள், கர்நாடகத்தில் கிருஷி ஹொண்டா என்று கேட்டாலே சொல்வார்கள். அதுவும் முடியாது என்றால் கடைசி வரிசைகளை விட்டுவிட்டு மீதியை நன்றாக வைத்திருங்கள். எல்லா மரத்தையும் அரைப் பட்டினி போட்டால் எல்லா மரமும் ஆண் பாளை தள்ளும். இதை எழுதும்போதே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் எண்ணெய்ப் பனைக்கென்று 11,040 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் வந்தது. 2025-26-க்குள் கூடுதலாக 6.5 லட்சம் ஹெக்டேர் என்று இலக்கு. நல்ல நோக்கம்தான், நாட்டுக்கு வேண்டிய பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்தான் வருகிறது. ஆனால் இலக்கை ஹெக்டேரில் வைத்தால், கன்று தருகிறவர்கள் நட்ட கன்றைத்தான் எண்ணுவார்கள். நட வருகிறவரிடம் “ஏப்ரலில் உன் போர் எவ்வளவு கொடுக்கும்?” என்று கேட்டு, போதாது என்றால் திருப்பி அனுப்பும் ஆள் எத்தனை பேர்? வருடத்தில் பெரும்பாலான மாதம் மழை பெய்யும் நாட்டு மரம் இது. நம் ஊரில் அந்த மழையை நாம்தான் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, மட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். “கீழ் மட்டையெல்லாம் கழித்துச் சுத்தமாக” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் வயிறு கலங்கியது.

தென்னையில் காய்ந்த மட்டை தானாக விழுந்துவிடும். எண்ணெய்ப் பனையில் விழாது, தொங்கிக்கொண்டு கிடக்கும். அது கண்ணை உறுத்துவதால் ஆள் அரிவாளை எடுக்கிறார். காய்ந்ததோடு நிறுத்துவதில்லை, கை போகிற வேகத்தில் பச்சையும் போய்விடுகிறது. குலை வெட்ட வழி வேண்டும் என்று இரண்டு, மரம் ‘முடி வெட்டியது மாதிரி’ இருக்க வேண்டும் என்று நாலு. தென்னை வேலை பழகிய ஆட்களிடம் இது அதிகம். பச்சை மட்டை என்பது மரத்தின் அடுப்படி. எட்டு அடுப்பு எரிய வேண்டிய இடத்தில் ஐந்துதான் எரிகிறது என்றால் மரம் பந்திக்கு ஆள் கூப்பிடாது, பெண் பாளையைக் குறைக்கும். அதாவது வறட்சி செய்த அதே வேலையை அரிவாளும் செய்கிறது, அதுவும் வருடம் முழுக்க. 2024-இன் வறட்சி முடிந்துவிட்டது. கழிப்பு நிற்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் கழித்தும் இதே கடிதத்தை நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

இது ஏதோ புத்தகத்தில் படித்துச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆந்திராவில் ஏலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் எலித் தொல்லை என்றார்கள். கீழ் மட்டையெல்லாம் எடுத்துவிடுங்கள், எலி தங்க இடம் இருக்காது என்று நானே நின்று வெட்டச் சொன்னேன். மரத்துக்கு இருபது மட்டைகூட மிஞ்சவில்லை. தோட்டம் அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தது. அடுத்த வருடம் ஒன்றும் தெரியவில்லை, அதனால் நான் சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் தோட்டத்துக்காரப் பெரியவர் என்னைக் கூட்டிப்போய் வரிசை வரிசையாகக் காட்டினார். எங்கே பார்த்தாலும் ஆண் பாளை. திட்டவில்லை. “சாரு, இதை என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் மட்டையை எண்ணுகிறேன், அப்புறம்தான் பேச்சு.

நீங்களும் எண்ணுங்கள். சுலபம்தான். தண்டைச் சுற்றி மட்டைகள் எட்டு வரிசையாகச் சாய்ந்து இறங்கும். ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு உச்சியிலிருந்து கீழே வாருங்கள். ஒரு வரிசையில் பச்சையாக ஐந்து மட்டை இருந்தால், எட்டைந்து நாற்பது, மரம் நன்றாக இருக்கிறது. நாலு என்றால் முப்பத்திரண்டு, எச்சரிக்கை. மூன்றுதான் என்றால் உங்கள் டானிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஆளிடம் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கடைசியாக இருக்கும் பச்சைக் குலைக்குக் கீழே இரண்டு மட்டையாவது பச்சையாக நிற்க வேண்டும், காய்ந்தது மட்டும் போகலாம். குலை வெட்டும்போது தாங்கி நிற்கும் மட்டையைத் தொடாமல் உளியை விட்டுக் காம்பை மட்டும் வெட்டப் பழகச் சொல்லுங்கள். முதல் நாலு முறை நேரம் பிடிக்கும், திட்டாதீர்கள்.

வெட்டிய மட்டையை என்ன செய்கிறார் என்று எழுதவில்லை. வரப்பில் போட்டுக் கொளுத்துகிறார் என்றுதான் நினைக்கிறேன், ‘சுத்தமாக’ இருக்கிறதே. மரம் மாதத்துக்கு இரண்டு மட்டை விடும். வருடத்துக்கு இருபத்து நாலு, ஏக்கருக்கு 57 மரம், ஆக 1,368 மட்டை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பொட்டாஷில் பெரும்பங்கு அந்த மட்டையில்தான் இருக்கிறது. அதைக் கொளுத்திவிட்டு மறுபடி பொட்டாஷ் மூட்டை வாங்கப் போவது எந்த ஊர் நியாயம்? ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், முள் பக்கத்தை நடக்கும் வழிக்கு வராமல் திருப்பி, அடுக்கிக்கொண்டே போங்கள். ஒரு வருடம் கழித்து அந்த அடுக்கைத் தூக்கிப் பாருங்கள். அடியில் மண் கறுத்து, ஈரமாக, வெள்ளை வேர் மேலே வந்து மேய்ந்துகொண்டிருக்கும். ஏப்ரல் மாதத்தில் அந்த ஈரத்தை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தவர்கள் அப்புறம் மட்டையைக் கொளுத்தவே மாட்டார்கள். ஆலைக்குக் குலை கொண்டுபோகும் வண்டி காலியாகத் திரும்பினால், பழம் உதிர்த்த வெறுங்குலையைக் கேட்டு ஏற்றி வரச் சொல்லுங்கள். அதுவும் பொட்டாஷ்தான். குவித்து வைக்காதீர்கள், ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவியலில் காண்டாமிருக வண்டு முட்டை இடும், அந்த வண்டுதான் உங்கள் உண்மையான எதிரி.

உரத்தில் ஒரு விஷயம் மட்டும். நம் பக்கத்தில் யூரியாவைக் கொட்டுவார்கள், பொட்டாஷ் என்றால் கை இழுக்கும். வருடத்துக்கு மரத்துக்கு 1,200 கிராம் தழைச்சத்து என்றால் பொட்டாஷ் தரும் சாம்பல்சத்து அதற்குக் குறையவே கூடாது, கூட இருந்தால் நல்லது. மூன்று நாலு தவணையாக ஈரத்தில் கொடுங்கள். அடி மட்டை ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தால் ஒரு ஓலைக் கீற்றின் மேல் இன்னொன்று படிந்திருக்கும் இடத்தை விலக்கிப் பாருங்கள். வெயில் பட்ட இடம் ஆரஞ்சாகவும் நிழல் விழுந்த இடம் பச்சையாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு, மரத்துக்கு அரை கிலோ மக்னீசியம் சல்பேட் போடுங்கள். மற்றதை இலைப் பரிசோதனைக்கு விடுங்கள். அதற்கு எடுக்க வேண்டியது பதினேழாவது மட்டை. முழுக்க விரிந்த முதல் மட்டையிலிருந்து அதே சாய்வு வரிசையில் இறங்கினால் அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது பதினேழு. அந்த 1,450 ரூபாயை இந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்யுங்கள்.

இனி செக்கு. எள்ளும் கடலையும் கொப்பரையும் காய்ந்த பண்டம், செக்கில் ஆடும். இது ஈரச் சதைப் பழம், கூழாகிச் சுற்றிக்கொண்டு நிற்கும். அதைவிட முக்கியம், குலை வெட்டி அடிபட்ட நேரத்திலிருந்தே பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைப் புளிக்க வைக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்கிறோம், ஆலையும் முதல் வேலையாகக் குலையை ஆவியில் வேக வைக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் வீடுகளில் பழத்தை வேக வைத்து, இடித்து, வெந்நீரில் கரைத்து, மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயை வழித்து எடுப்பார்கள். வீட்டுக்கு வேண்டுமானால் இரண்டு கிலோ பழத்தில் செய்து பாருங்கள், கரோட்டின் நிறைந்த நல்ல எண்ணெய். விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்பு உரிமம், பரிசோதனை என்று போகும். 6 ஏக்கர் குலைக்கு அது கட்டாது. பழத்தை ஆலைக்கே கொடுங்கள். உங்கள் பகுதி எந்த ஆலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் எடை, அங்கேதான் பணம்.

ஆலையில் அந்தப் பழம் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் மறுமுனையில் நிற்பவரும் நீங்கள்தான். சதையிலிருந்து வருவது பாமாயில். அதைக் குளிர வைத்துப் பிரித்தால் தெளிந்து நிற்பது பாமோலின், உங்கள் வாணலிக்கு வரும் 15 கிலோ டின். உறைந்து நிற்பது ஸ்டியரின், அது வனஸ்பதிக்கும் சோப்புக்கும் போகிறது. உள்ளே இருக்கும் பருப்பைத் தனியாக உடைத்து ஆட்டினால் தேங்காய் எண்ணெய் குணத்தில் இன்னொரு எண்ணெய், அதுவும் சோப்புக்கு. பருப்புப் புண்ணாக்கு மாட்டுக்கு, ஓடும் நாரும் ஆலைக் கொதிகலனுக்கு. மார்கழிக் குளிரில் டின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், பிரியாமல் மிஞ்சிய ஸ்டியரின்தான் அது. 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி மே 23-இல் திறந்தபோது டின் விலை எப்படி ஆடியது என்று உங்கள் கடைக் கணக்கிலேயே இருக்கும். குலை விலையும் அதே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது.

உரக்கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கடைக்காரர்களும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடையில் இருப்பவருக்கு விற்கக் கிடைப்பது பாட்டில்தான். தண்ணீர் விடு, மட்டையை வெட்டாதே, இரண்டு வருடம் பொறு என்று சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? இந்த டானிக்குகளுக்கு ஒரு வசதியும் உண்டு. இன்று அடித்தால், தண்ணீர் திரும்பி வந்த காலத்துப் பாளைகள் பெண்ணாக வெளியே வரும்போது பெயர் டானிக்குக்குப் போய்விடும். அப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வாங்குவார். இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த ஞாயிறு பத்து மரத்தில் பச்சை மட்டையை எண்ணி, போர் டிரம் நிரம்பும் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். ஓரத்து மரம் வேண்டாம், தோட்டத்துக்கு நடுவில் எடுங்கள். பிரிக்காத பாட்டில்களை அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பில்லைக் கையில் எடுத்துப் போங்கள்.